வாலியோடு மல்லுக்கு நிற்காதீர்கள்!

எங்கள் ஊர் வாலிகண்டபுரம். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்குக் கொஞ்சம் முன்னால் வரும். வாலி வந்து சிவனைக் கும்பிட்ட ஊர் என்பது ஸ்தல புராணம். 1751-ல் இந்தப் பக்கம் இங்கிலீஷ்காரனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் சண்டை நடந்து, இங்கிலீஷ்காரன் திருச்சியைப் பார்க்கப் பின்வாங்கினான் என்பது சரித்திரம்.

ஆனால் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவருக்குத் தெரிவது புராணமும் இல்லை, சரித்திரமும் இல்லை. தமிழ்நாட்டுச் சுவர்களுக்கே உரிய அந்த இரண்டு வார்த்தைகள்தான்: 'மூலம், பௌத்திரம்'. தேர்தல் முடிந்தால் கட்சிச் சின்னத்தைக்கூட வெள்ளையடித்து அழித்துவிடுகிறார்கள். மூலத்தை மட்டும் யாரும் தொடுவதில்லை.

இதில் ஒரு அநியாயம் பாருங்கள். இந்த ஏரியாவில் மூன்றாவதாக ஒரு ஆசாமி இருக்கிறான். அவனுக்குச் சுவரில் இடமே கிடையாது. ஆசனவாய் வெடிப்பு. டாக்டர்கள் 'ஃபிஷர்' என்பார்கள். பித்தவெடிப்பு மாதிரி ஒரு சின்னக் கீறல். பித்தவெடிப்புக்குச் செருப்பு போட்டுக்கொள்ளலாம். இதற்கு?

என் நண்பர் ஒருவர், வயது இருபத்தெட்டு, பெரம்பலூரில் ஆபீஸ் உத்தியோகம். பஸ்ஸில் பத்து சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டேதான் வருவார். ''உட்காருங்க சார்'' என்று கண்டக்டர் சொன்னால், ''பரவால்லண்ணே, காத்து நல்லா வருது'' என்பார். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். சாப்பிட்டால் காலையில் போகணுமே என்ற பயம். வீட்டில் பெண் பார்க்கலாம் என்றார்கள். ''அடுத்த வருஷம் பாக்கலாம்'' என்று தள்ளிப்போட்டார். ஏன் என்று துருவினேன். ''பொண்ணு வீட்ல முதல் வார்த்தையே 'உட்காருங்க'ன்னுதானே சொல்வாங்க?''

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ரத்தம் வருகிறதாம். ஐந்து மாதமாக, அது கேன்சர்தான் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. தள்ளாத குறையாக டாக்டரிடம் அனுப்பினேன். ஃபிஷர்தான்.

இந்த வியாதியின் சூட்சுமம் சுலபமானது. மலம் இறுகிப் போகும்போது தோல் கிழிகிறது. வலிக்குப் பயந்து அங்கே உள்ள தசை இறுகிக்கொள்கிறது. இறுகினால் ரத்த ஓட்டம் குறைகிறது. ரத்தம் வராத இடத்தில் புண் ஆறுமோ? ஆறாது. மறுநாள் மறுபடி கிழிகிறது. ஆறு, எட்டு வாரம் தாண்டினால் நாள்பட்ட கேஸ்.

முதல் வைத்தியம் நார்ச்சத்து, தண்ணீர், வெந்நீர்த் தொட்டியில் உட்காருவது. அடுத்தது தசையைத் தளர்த்தும் களிம்பு. அதில் ஒரு வகை நைட்ரோகிளிசரின்! ஆமாம், ஆல்ஃபிரட் நோபல் டைனமைட் செய்த அதே சரக்குதான். மிகச் சொற்ப அளவில் தடவுவதால் வெடிக்காது, தலைவலி வேண்டுமானால் வரும். கடைசியில் ஆபரேஷன்: உள் தசையைக் கொஞ்சம் வெட்டிவிடுவது. பெரும்பாலோருக்குக் குணமாகும். சிலருக்கு மட்டும் வாயுவை அடக்கும் அதிகாரம் கைநழுவலாம். ஆபீஸ் மீட்டிங்கில் இது சிக்கல்.

களிம்புக்கும் கத்திக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: பிசியோதெரபி. முழங்காலுக்கு இல்லை சார், இடுப்பின் அடித்தளத் தசைகளுக்கு. நெதர்லாந்தில் களிம்பு, நார்ச்சத்து எல்லாம் பார்த்தும் ஆறாத 140 பேரை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். 2022-ல் முடிவு வெளியானது. எட்டு வாரப் பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, சுமார் 55 சதவீதம், புண் ஆறியது. பயிற்சி தராமல் காத்திருக்க வைத்தவர்களில் சுமார் 21 சதவீதம்தான்.

என்ன பயிற்சி? முதலில், நாம் இறுக்கிக்கொண்டிருக்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது. அதைத் தெரியவைக்கிறார்கள். உள்ளே ஒரு சின்னக் கருவி வைத்து கம்ப்யூட்டர் திரையில் கோடு காட்டுவார்கள். இறுக்கினால் கோடு ஏறும், தளர்த்தினால் இறங்கும். அப்புறம் வயிறு உப்ப மூச்சை இழுத்து, அடித்தளம் மெல்ல இறங்குவதைக் கவனிக்கப் பழக்குகிறார்கள். காலைக்கடனில் முக்காமல் இருப்பதும் பாடம். வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலடியில் ஒரு முக்காலி போட்டு முழங்காலை உயர்த்தினால் குடலின் வளைவு நேராகிறது. நம்ம ஊர்க் குந்துதல் இந்த வேலையை முக்காலி இல்லாமலே செய்தது.

ஒரு எச்சரிக்கை. 1948-ல் அமெரிக்க டாக்டர் கெகல் சொன்ன இறுக்கும் பயிற்சி தளர்ந்த தசைக்கு. யாரோ சொன்னார்கள் என்று இதற்கும் அதையே செய்தால், ஏற்கனவே பூட்டிய கதவுக்கு இரண்டாவது பூட்டு!

வாலி கதை தெரியுமல்லவா? எதிரே நின்று சண்டை போட்டால் எதிராளியின் பாதி பலம் வாலிக்குப் போய்விடும். இந்தத் தசையும் அப்படித்தான். பல்லைக் கடித்து முக்கினால் உங்கள் பலமெல்லாம் அதற்கே போகும். மல்லுக்கு நின்றால் தோற்பீர்கள். மூச்சை விட்டு, தசையைத் தளர்த்தினால் தானே வழிவிடும்.

நண்பரை டாக்டர் திருச்சியில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். இரண்டு மாதம் போய்வந்தார். இப்போது இரவில் இட்லி சாப்பிடுகிறார். ஜாதகமும் வெளியே வந்துவிட்டது.

ரத்தம் வந்தால் அது ஃபிஷரா, மூலமா, வேறா என்று சுவரைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். டாக்டரைப் பாருங்கள். வாலியை ராமன் மறைந்து நின்று ஜெயித்தான். இந்த வியாதியை மறைத்து வைத்து ஜெயித்தவன் மட்டும் எவனும் இல்லை!