தலையிடி தானே என்று விட்டுவிடலாமா?

பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு மறுபிறப்பு என்று எம் முன்னோர் கூறிவந்தனர். அவர்கள் காலத்தில் அது வெறும் உபசார வார்த்தையாக இருக்கவில்லை. 1930 களில் இத்தீவிலே ஒரு இலட்சம் பிள்ளைகள் பிறக்கும்போது இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 2010 களில் அத்தொகை நாற்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது. இம்மாற்றம் தானாக வந்ததன்று. 1926 ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்ட நாள் முதலாக, வெயிலென்றும் மழையென்றும் பாராது வீடு வீடாக நடந்து திரிந்த மருத்துவ மாதுகளின் உழைப்பும், இலவச வைத்தியமும், பெண்கள் பெற்ற கல்வியும் சேர்ந்து ஈட்டித் தந்த வெற்றி இது. இதனை எவரும் மறுத்தல் இயலாது, நாமும் மறுக்கவில்லை.

ஆயினும், குறைந்துவிட்டது என்பதற்காக ஒழிந்துவிட்டது என்று எண்ணி உறங்கிவிடுவது பேதைமையாகும். உலகெங்கும் 2020 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 287,000 தாய்மார் கருப்பத்தாலும் பிள்ளைப்பேற்றாலும் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இம்மரணங்களின் நேரடிக் காரணங்களுள் குருதிப்பெருக்குக்கு அடுத்தபடியாக நிற்பது கருப்ப காலத்தில் எழும் உயர் குருதியமுக்கமே. குருதிப்பெருக்கைக் கண்ணுள்ள எவரும் காண்பர், கண்டவுடன் பதறுவர், ஓடுவர். ஆனால் இந்த இரண்டாவது பகைவனோ ஓசையின்றி வருகிறான். வந்தபின்னும், சாதாரணத் தலையிடியாகவும் நெஞ்செரிவாகவும் கால்வீக்கமாகவும் வேடம் பூண்டு நிற்கிறான். ஆகவேதான், அரசியல் பேசவேண்டிய இப்பத்தியிலே இவ்வாரம் ஒரு நோயைப்பற்றிப் பேசத் துணிந்தோம். மக்களின் உயிரைக் காட்டிலும் பெரிய அரசியல் எதுவும் உண்டென்று நாம் கருதவில்லை.

பிரீஎக்லம்சியா என்று வைத்தியர்கள் அழைக்கும் இந்நோய், கருப்பத்தின் இருபதாவது வாரத்துக்குப் பின், பெரும்பாலும் கடைசி மாதங்களில் தோன்றுகிறது. கருவுற்ற தாய்மார் நூற்றுவருள் இரண்டு முதல் எட்டுப் பேர் வரையில் இதற்கு ஆளாகின்றனர். இதன் வித்து நச்சுக்கொடியிலே இருக்கிறது. கருப்பத்தின் தொடக்கத்தில், நச்சுக்கொடிக்குக் குருதி கொண்டுவரும் நாளங்கள் போதிய அளவு விரிவடையாது போனால், பிற்காலத்தில் அது குருதி போதாது தவிக்கிறது. அப்போது அதிலிருந்து வெளிப்படும் பொருட்கள் தாயின் குருதியிற் கலந்து, உடல் முழுவதிலுமுள்ள குருதிக்குழாய்களின் உட்புறத்தைக் கெடுக்கின்றன. குழாய்கள் இறுகுவதால் அமுக்கம் ஏறுகிறது; சிறுநீரகத்தின் வழியாகப் புரதம் கசிகிறது; ஈரல் தாக்குண்டு நோகிறது; மூளை வீங்கித் தலையிடியும் பார்வைக் குழப்பமும் உண்டாகின்றன. நோய் முற்றினால் தாய்க்கு வலிப்பு வரும். அதுவே எக்லம்சியா. எம்மூர்களில் சன்னி என்று சொல்லப்பட்டு, பேயின் மேலும் கண்ணூறின் மேலும் பழி சுமத்தப்பட்ட வலிப்புகளுட் பல இதுவே.

அடையாளங்கள் எவை? ஒவ்வொரு வீட்டாரும் இவற்றை மனத்திற் பதித்துக்கொள்ளவேண்டும்.

முதலாவது, விடாத கடுந்தலையிடி. பனடோல் விழுங்கியும் தீராது, மணிக்கணக்காக நிற்கும் தலையிடி கருப்பிணிக்கு வருமாயின், அது வெயிலால் வந்தது, நித்திரைக் குறைவால் வந்தது என்று வீட்டிலிருந்தபடியே தீர்ப்புக் கூறிவிடுதல் தகாது. இரண்டாவது, பார்வையில் மாற்றம். கண்முன்னே பொறி பறத்தல், மின்னுதல், புகைமூட்டம் போல் மங்குதல், ஒரு பகுதி தெரியாது போதல் ஆகியன எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது, மேல்வயிற்று நோவு. அதிலும் வலப்பக்க விலாவெலும்பின் கீழும், நெஞ்சுக்குழியிலும் எடுக்கும் நோவு. இதனை வாய்வு என்றும் செமியாக் குணம் என்றும் சொல்லிக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக் காத்திருக்கும் வீடுகள் எத்தனை! நாலாவது, கருப்பத்தின் முற்பகுதியில் நின்றுபோன சத்தி, பிற்பகுதியில் மறுபடியும் தொடங்குதல். ஐந்தாவது, முகமும் கைகளும் திடீரென வீங்குதல், மோதிரம் இறுகுதல், சில நாட்களுள் உடல் நிறை வேகமாக ஏறுதல். ஆறாவது, மூச்சுத்திணறலும் சிறுநீர் குறைதலும். ஏழாவது, வயிற்றிலுள்ள சிசுவின் அசைவு குறைதல்.

கால்வீக்கத்தைப்பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது வழக்கந்தானே என்பார்கள். உண்மை, மாலை வேளையில் கணுக்கால் வீங்குதல் நோயற்ற பெண்களுக்கும் உண்டு. ஆனால் காலையில் எழும்போதே கண்ணிமை தடித்து, முகம் ஊதி, விரல்கள் மடிய மறுக்குமாயின் அது வழக்கமன்று. மறுபுறத்தில், வீக்கம் சிறிதுமின்றியும் இந்நோய் வரக்கூடும் என்பதை மறத்தலாகாது. வீங்கவில்லையே என்று ஆறுதல் கொள்வதும் தவறு.

இங்கே மற்றுமோர் உண்மையையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பல தாய்மாருக்கு, நோய் முற்றும் வரையில் எந்த அடையாளமும் தோன்றாது. அவர்கள் நன்றாகவே உண்பர், நடப்பர், வேலை செய்வர். அமுக்கமோ உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். அதனைக் காட்டிக்கொடுக்க வல்லவை இரண்டே: கையிற் சுற்றி அளக்கும் குருதியமுக்க மானியும், புரதம் பார்க்கும் சிறுநீர்ப் பரிசோதனையும். மேலெண் 140 அல்லது கீழெண் 90 ஐ எட்டிவிட்டால் அது எச்சரிக்கை. 160 ஐ அல்லது 110 ஐ எட்டிவிட்டால் அக்கணமே வைத்தியசாலையில் இருக்கவேண்டிய நிலை. ஆகவே, உடம்புக்கு ஒன்றுமில்லையே, இம்முறை கிளினிக்குக்குப் போகாவிட்டால் என்ன என்று கேட்கும் தாய்க்கு நாம் கூறும் மறுமொழி இதுதான்: ஒன்றுமில்லை என்பதை நிச்சயப்படுத்துவதற்காகவே போகவேண்டும். பதிவட்டையில் எழுதப்படும் அந்த இரண்டு எண்களைத் தாய் கேட்டு அறிந்துகொள்ளவேண்டும், கணவனும் அறிந்திருக்கவேண்டும். கடைசி மாதங்களில் கிளினிக்குகள் அடிக்கடி வைக்கப்படுவதன் காரணமும் இதுவே.

எவருக்கும் இது வரலாம். எனினும் தலைப்பிள்ளையைச் சுமப்பவர்கள், முந்திய கருப்பத்தில் இதற்கு ஆளானவர்கள், ஏற்கெனவே குருதியமுக்கம், நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள், இரட்டைப்பிள்ளை தாங்கியவர்கள், நாற்பது வயதைக் கடந்தவர்கள், மிகுந்த உடற்பருமன் உடையவர்கள், தாய்க்கோ சகோதரிக்கோ இது வந்திருக்கக் கண்டவர்கள் ஆகியோர் கூடுதலான விழிப்புடன் இருத்தல் வேண்டும். இத்தகையோர் கருவுற்றவுடனேயே வைத்தியரிடம் அதனைச் சொல்லிவிடவேண்டும். ஏனெனில், ஆபத்து மிகுந்தவர்களுக்கு 12 ஆவது வாரம் முதற்கொண்டு, 16 ஆவது வாரம் கடக்குமுன், வைத்தியரின் கட்டளைப்படி சிற்றளவு அஸ்பிரின் கொடுப்பதால் நோயின் வேகம் குறையும். உணவிற் கல்சியம் குன்றிய இடங்களில் கல்சியம் கொடுப்பதும் பயனுடையது. உப்பைக் குறைத்தலும் நாள் முழுவதும் படுக்கையிற் கிடத்தலும் இந்நோயைத் தடுப்பதில்லை. கடையில் வாங்கித் தாமாகவே மாத்திரை விழுங்குதல் ஒருபோதும் கூடாது.

பிள்ளை பிறந்துவிட்டது, கண்டம் கழிந்தது என்று மகிழ்ந்திருக்கும் வீட்டிலும் இது நுழையக்கூடும். நச்சுக்கொடி வெளியேறுவதே இந்நோய்க்கு முடிவு; ஆயினும் அம்முடிவு அன்றைக்கே வந்துவிடுவதில்லை. பேற்றுக்குப் பின் முதற் சில நாட்களிலும், சிலருக்கு ஆறு வாரம் வரையிலும் அமுக்கம் ஏறி வலிப்பு வருதலுண்டு. துடக்குக் காலத்தில் தாய்க்குத் தலையிடி என்றால், காற்றுப் பட்டுவிட்டது என்று காதுக்குப் பஞ்சடைத்துக் கிடத்திவிடாதீர்கள். அமுக்கத்தை அளப்பியுங்கள்.

சட்டத்துறையில் ஒரு கோட்பாடு உண்டு. சந்தேகம் எழுமாயின் அதன் பயனை எதிரிக்கே கொடுத்தல்வேண்டும் என்பது அது. நிரபராதி ஒருவன் தண்டனை பெறலாகாது என்ற நீதியே அதன் அடிப்படை. தாயின் விடயத்திலும் அதே நீதியை நாம் கோருகிறோம். சந்தேகத்தின் பயன் தாய்க்கே உரியது. தலையிடி வெறும் தலையிடியாகவே இருந்துவிட்டால் இழப்பு ஒரு நாட்பொழுதும் பயணச் செலவுமே. அது நோயின் அடையாளமாக இருந்து, நாம் காத்திருந்துவிட்டால் இழப்பு இரண்டு உயிர். இவ்விரண்டையும் தராசில் இட்டுப் பார்க்க எவருக்கும் சட்டப் பயிற்சி வேண்டியதில்லை. நள்ளிரவாயினும் புறப்படவேண்டும். வாகனம் இல்லையெனில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். வலிப்பே வந்துவிட்டால், தாயை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, காயம்படாது காத்து, உடனே உதவியை அழைக்கவேண்டும். வாயிற் கரண்டியையோ, தண்ணீரையோ, மருந்தையோ திணித்தலாகாது. கையில் இரும்பைக் கொடுத்துக்கொண்டு காலத்தைக் கழிப்பதாலும் பயனில்லை.

வைத்தியசாலையை உரிய நேரத்தில் அடைந்த தாய்க்குச் செய்யக்கூடியது நிரம்ப உண்டு. அமுக்கத்தைத் தணிக்க மருந்துகள் உண்டு. வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேற்று உண்டு. 33 நாடுகளில் பதினாயிரம் பெண்களைக்கொண்டு நடத்தப்பட்டு 2002 இல் வெளியான ஆய்வு, அம்மருந்து வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கு மேலாகக் குறைக்கிறது என நிலைநாட்டியது. விலை குறைந்த மருந்து, பழைய மருந்து. 37 வாரம் நிறைந்திருந்தால் பெரும்பாலும் பிள்ளையைப் பிறப்பித்துவிடுவர். அதற்கு முன்னாயின், தாயின் நிலையையும் சிசுவின் நிலையையும் நிறுத்துப் பார்த்து நிபுணர் முடிவு செய்வர். மருந்தும் உண்டு, நிபுணரும் உண்டு. வேண்டுவது காலத்தே வந்து சேர்தல் ஒன்றே.

இங்கேதான் அரசின் பொறுப்பு வருகிறது. இத்தீவிலே இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வைத்தியசாலையிலேயே பிறக்கின்றன. பெருமைக்குரியதே. ஆனால் வைத்தியசாலையின் படியேறிய தாய், தன் உள்ளத்திலும் உடலிலும் உள்ளதை எடுத்துச் சொல்ல முடியாவிட்டால் படியேறியதன் பயன் யாது? மேலே கூறிய அடையாளங்களைப் பாருங்கள். தலையிடி, கண்ணிற் பொறி, நெஞ்சுக்குழி நோவு, சிசுவின் அசைவுக்குறைவு ஆகியன எந்தக் கருவியிலும் பதிவதற்கு முன் தாயின் வாயிலிருந்தே வரவேண்டியவை. அவள் சொல்வது விளங்காத இடத்தில் நோயும் விளங்காது. தமிழும் அரசகரும மொழி என்று 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் கூறுகிறது. சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதிகளிலும் ஒருவர் தமிழிலே உத்தியோகத்தருடன் கருமமாற்ற உரித்துடையர் என்று 1988 ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் கூறுகிறது. அரசியலமைப்பில் அச்சேறிய அவ்வுரிமை, நுவரெலியாவிலும் பதுளையிலும் இரத்தினபுரியிலும் பிரசவ விடுதியின் கட்டிலருகே வந்து நிற்கவேண்டும். மொழியுரிமை என்பது பெயர்ப்பலகைக்கும் படிவத்துக்கும் மட்டும் உரியதன்று, உயிருக்கும் உரியது.

தமிழில் இவற்றைச் சொல்ல இயலாது என்று எவரேனும் கூறுவராயின், அவர்கள் மானிப்பாயை நினைத்துப் பார்க்கட்டும். வைத்தியர் சாமுவேல் கிறீன் அவர்கள் பிரசவ வைத்திய நூலைத் தமிழாக்கி 1857 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். அன்று இயன்றது இன்று இயலாதா?

தோட்டப்பகுதித் தாயின் நிலையையும் நாம் இங்கு எடுத்துரைத்தல் வேண்டும். 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பேற்றை ஒட்டிய விடுமுறையை அவளுக்கு உறுதிசெய்கிறது. ஆனால் பேற்றுக்கு முன் உள்ள மாதங்களில், நாட்சம்பளத்தில் வாழும் பெண்ணுக்குக் கிளினிக் நாளும் வேலை நாளும் மோதும்போது எது வெல்லும்? அடுப்பு எரியவேண்டுமே! ஆகையால், கிளினிக்குக்குச் செல்லும் நாளுக்கு முழுச் சம்பளமும் பெயரும் எல்லாத் தோட்டங்களிலும் ஐயத்துக்கிடமின்றி வழங்கப்படவேண்டும்; தமிழ் அறிந்த மருத்துவ மாதுகள் வெற்றிடமின்றி நியமிக்கப்படவேண்டும்; கொழுந்து மலையிலிருந்து பாதைக்கு இறங்க வழியும் வாகனமும் இருக்கவேண்டும். தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலிலே இவற்றை முன்வரிசையில் வைக்கவேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

அரசு தன் கடமையைச் செய்யும் வரையில் வீட்டார் காத்திருக்கத் தேவையில்லை. கணவன்மாரே, உங்கள் மனைவியின் பதிவட்டையை இன்றிரவு எடுத்துப் பாருங்கள். மாமிமாரே, நாங்கள் பெறவில்லையா என்ற பேச்சை விட்டுவிடுங்கள். உங்களோடு பேற்றுக்குச் சென்று திரும்பாதவர்களை நினைத்துப் பாருங்கள். வாசிகசாலைகளும், மாதர் சங்கங்களும், கோயிற் சபைகளும் இவ்வடையாளங்களை எழுதிச் சுவரிலே ஒட்டட்டும். கருவுற்ற பெண், எனக்குத் தலையிடிக்கிறது என்று சொன்னால், அதனைக் கேட்பதற்கு அவ்வீட்டில் ஒருவராவது இருக்கட்டும். இரண்டு உயிர்கள் பிழைக்க, முதலில் வேண்டியது அந்த ஒரு செவியே.