கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையும் உபாத்தியாயரும்

நமது தோழர் ஒருவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்பவர். அவருடைய மகனுக்கு வயது ஏழு, இரண்டாம் வகுப்பு. அடுக்கி வைத்திருந்த கல்லைப் பார்த்து, வரிசைக்கு 35 வீதம் 24 வரிசைக்கு 840 என்று பையன் சொல்லியிருக்கிறான். எப்படியடா என்று கேட்டதற்கு, "24 முப்பது 720, 24 ஐந்து 120" என்றானாம். ஒருவரும் சொல்லிக்கொடுத்ததல்ல.

உடனே தெருவார் என்ன சொன்னார்கள் தெரியுமா? பூர்வ ஜென்ம வாசனையாம்! சரஸ்வதி கடாட்சமாம்! கண் பட்டுவிடுமாம், கயிறு கட்டவேண்டுமாம்! கல்லை எண்ணினவன் பையன், பெயர் சரஸ்வதிக்கு! போகட்டும். கடாட்சம் என்று சொல்லிவிட்ட பிறகு மனிதன் செய்யவேண்டியது ஒன்றுமில்லை என்றாகிவிடுகிறதே, அதுதான் நம்முடைய வருத்தம். உபாத்தியாயரிடம் போய் ஒரு வார்த்தை பேசவேண்டும் என்று ஒருவருக்காவது தோன்றிற்றா?

நாம் சொன்னபோது தோழர், "நான் கைநாட்டு; எம்பிள்ளை கெட்டிக்காரன் என்று நான் போய்ச் சொன்னால் வாத்தியார் சிரிக்கமாட்டாரா?" என்றார். படித்த தகப்பன் கேட்டால் அக்கறை, கூலிக்காரன் கேட்டால் திமிர் என்பது எந்த ஊர் நியாயம்? 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் அறிந்து வேண்டிய கூடுதல் பாடம் சொல்லிக்கொடுப்பதும், பெற்றோரைக் கூட்டி அதைத் தெரிவிப்பதும் உபாத்தியாயரின் கடமை என்கிறது. கூடுதல் பாடம் மந்தமான பிள்ளைக்கு மட்டுமே என்று அதில் எழுதியிருக்கவில்லை.

ஜெர்மனியில் பிரன்ஸ்விக் பட்டணத்தில் 1777-ல் பிறந்த காஸ் என்பவரின் தகப்பனாரும் கொத்து வேலை, தோட்ட வேலை செய்தவர்தான். தாயாருக்கு எழுதத் தெரியாது. அவருடைய உபாத்தியாயர் பிரம்புக்குப் பேர்போனவர். ஆனாலும் பையனின் கணக்கைக் கண்டதும் ஹாம்பர்க்கிலிருந்து மேலான கணக்குப் புத்தகம் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். அவருக்கு உதவியாக இருந்த பார்ட்டெல்ஸ், பையனைவிட எட்டு வயதே மூத்தவர், கூட உட்கார்ந்து படித்தார். அந்தப் பையன்தான் உலகத்துக் கணித மேதைகளின் முன்வரிசையில் வைக்கப்படும் காஸ். புத்தகம் வரவழைத்தது எந்தத் தெய்வம்?

நிற்க, இருபதாம் வாய்ப்பாடு வரை கிளிப்பிள்ளையைப்போல் ஒப்பிக்கவைத்து, இரண்டு வகுப்பு தாண்டிப் போடு என்று உபாத்தியாயரோடு மல்லுக்கு நிற்கும் தகப்பன்மார்களுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஒப்பிப்பது வேறு, யோசிப்பது வேறு. எண்ணை மாற்றிக் கேட்டால் தெரிந்துபோகும். மேலும் இந்தப் பையனுக்கு இன்னும் எழுத்துக் கோணல். மூன்றெழுத்துச் சொல்லைக் கூட்டி வாசிக்கத் திணறுகிறான். அவனை நாலாம் வகுப்பில் உட்காரவைத்தால் கணக்கும் போய்விடும். ஆகவே, "மேதை" என்ற பேச்சே வேண்டாம், "ஐயா, இவன் இப்படிப் போடுகிறான், நீங்களே கேட்டுப் பாருங்கள், மற்றப் பிள்ளைகள் கூட்டல் போடும் நேரத்தில் இவனுக்கு வேறு என்ன கொடுக்கலாம்?" என்று மட்டும் கேட்கும்படி தோழருக்குச் சொன்னோம். ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு திண்டாடும் உபாத்தியாயருக்கும் இது பாரமாக இராது. தினம் இரண்டு கணக்கு போதும்.

திங்கட்கிழமை அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போவதாகத் தோழர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பையனின் சிலேட்டையும் எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறோம்.