சிலை வைத்தார்கள், சரி!

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், நாடாளுமன்ற மாளிகையின் சிலை மண்டபத்திலே, மாநிலத்துக்கு இரண்டு சிலை என்பது ஏற்பாடு. ஃப்ளாரிடா மாநிலம் 1922ல் அங்கே அனுப்பிய சிலை ஒரு படைத்தளபதியுடையது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலத் தளபதிகளிலே, கடைசியாகச் சரணடைந்தவர்களில் ஒருவர் அவர். அந்தச் சிலைக்குப் பதிலாக 2022 ஜூலையில் மேரி மெக்லியோட் பெத்யூன் அம்மையாரின் பளிங்குச் சிலை திறக்கப்பட்டது. அடிமைகளாக வாழ்ந்த கறுப்பினப் பெற்றோரின் மகள்! வரவேற்கிறோம், மனமார வரவேற்கிறோம்.

ஆனால் அவர் வாழ்க்கையை எடுத்துச் சொல்லுகிறவர்களிலே ஒரு சாரார் இருக்கிறார்கள். "பருத்திக் காட்டில் வேலை செய்த சிறுமி கல்லூரித் தலைவியானாள், முயன்றால் எவரும் உயரலாம், சலுகை எதற்கு?" என்பது அவர்கள் வாதம். நமக்கும் பழக்கமான வாதந்தான். தெருவிளக்கின் கீழ் படித்து முன்னேறியவரின் கதையைச் சொல்லி, ஏழை வீட்டுக்கு விளக்கே தேவையில்லை என்று முடிப்பார்களே, அந்த ரகம்!

நடந்தது என்ன? 1875ல் தென் கரோலினாவில் மேய்ஸ்வில் என்ற ஊரருகே, பதினேழு பிள்ளைகளில் பதினைந்தாவதாகப் பிறந்தார். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒரு திருச்சபை பள்ளி திறந்தது. நாள்தோறும் ஐந்து மைல் நடை. வீட்டு வேலையும் வயல் வேலையும் போக ஒரு பிள்ளையைத்தான் அனுப்ப முடிந்தது. மேரி போனார். மேற்படிப்புக்குப் பணம் தந்தது எந்தக் கோடீசுவரர்? கோடீசுவரர் அல்லர், தோழர்களே! டென்வர் நகரில் துணி தைத்துப் பிழைத்த ஒரு பெண்மணி, தம் சேமிப்பிலிருந்து அனுப்பினார். பள்ளியும் இந்தப் பணமும் இல்லாவிட்டால் மேரியும் பருத்திக் காட்டிலேயே நின்றிருப்பார். மற்றப் பதினாறு பேருக்கும் முயற்சி இல்லையா? அறிவுதான் இல்லையா? கேட்கிறோம்.

அம்மையார் இதை நன்றாக உணர்ந்திருந்தார். தாம் ஏறிய ஏணியை ஊருக்கே போடப் புறப்பட்டார். 1904ல் டேட்டோனாவில், கையில் ஒன்றரை டாலர். மாணவர் ஐந்து சிறுமிகளும் தம் மகனும். கரிந்த கட்டையே பென்சில், பழச்சாறே மை. சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பலகாரம் செய்து, ரயில் பாதை போட்ட தொழிலாளரிடம் விற்றார். அந்தக் காசில் வளர்ந்த பள்ளிதான் இன்று பெத்யூன்-குக்மன் பல்கலைக்கழகம்.

பள்ளியோடு நின்றாரா? 1920ல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. ஆனால் வாக்களிக்கத் தலைவரி கட்ட வேண்டும்; எழுத்தறிவும் காட்ட வேண்டும். ஏழைக்கு வைத்த பொறி அது! அம்மையார் வீடு வீடாகப் போய் வரிக்குப் பணம் திரட்டினார். இரவில் வகுப்பு நடத்தினார். தேர்தல் நெருங்கியதும் கு கிளக்ஸ் கிளான் என்ற முகமூடிக் கும்பல் பள்ளி வளாகத்துக்கே வந்து மிரட்டியது. சிறுமிகள் படிக்கும் இடத்தில் முகமூடிக்காரருக்கு என்ன வேலை? அங்கே எழுத்து மட்டும் கற்றுக் கொடுக்கப்படவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அம்மையார் அசையவில்லை. தேர்தலன்று கறுப்பின மக்களை வாக்குச் சாவடிக்கு அழைத்துச் சென்றார்.

1936ல் ரூஸ்வெல்ட் ஆட்சியில், தேசிய இளைஞர் நிர்வாகத்தின் கறுப்பினத்தார் பிரிவுக்கு அவரே தலைமை ஏற்றார். கறுப்பின மாணவர்க்கு அரசுப் பணத்தைப் பெற்றுத் தருவதுதான் அங்கே அவர் வேலை. "சலுகை எதற்கு?" என்போர் வாழ்க்கை வரலாற்றில் இந்தப் பக்கத்தை மட்டும் ஏனோ புரட்டுவதில்லை! 1955ல் மறையும்வரை அவர் ஓயவில்லை.

இப்போது ஃப்ளாரிடாவைப் பாருங்கள். அவருக்குச் சிலை என்று 2018ல் முடிவு செய்த அதே சட்டமன்றம், 2023ல் இன்னொரு சட்டம் செய்தது. ஒதுக்கப்பட்ட பிரிவினரைச் சேர்த்துக் கொள்ளவும், அவர்களுக்குத் துணை நிற்கவும் வகுக்கப்பட்ட சமத்துவத் திட்டங்களுக்கு அரசுக் கல்லூரிகள் பணம் செலவிடக் கூடாதாம்! அதே ஆண்டு ஜூனில், பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதற்கு நாட்டின் உச்ச நீதிமன்றமும் தடை போட்டது. 2024 மார்ச்சில் ஃப்ளாரிடா பல்கலைக்கழகம் சமத்துவத் திட்டப் பணியிடங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டதாக அறிவித்தது. அந்தப் பணத்தை, சுமார் 50 லட்சம் டாலரை, வேறு செலவுக்கு மாற்றிவிட்டது.