பள்ளிப் பதிவேட்டுக்கும் காவல் வேண்டும்

பிழைப்புக்காக மும்பை வரும் நம்மவர்கள், பள்ளியில் இடம் கிடைத்தால் போதும் என்று சேர்க்கைப் படிவத்தில் கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். மதம், சாதி, உட்சாதி, தாய்மொழி, தகப்பனார் வருமானம், ஆதார் எண்! எதற்கு என்று கேட்பதில்லை. கேட்டால் இடம் போய்விடுமோ என்ற பயம்.

என் மகள் பத்தாம் வகுப்பு முடித்த வாரம், ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவள் கணக்கில் வாங்கிய மதிப்பெண் முதற்கொண்டு சொன்னார்கள். யார் கொடுத்தது என்றேன், பதில் இல்லை. பள்ளியிலும் கையை விரித்துவிட்டார்கள்.

சட்டமே இல்லையா? இருக்கிறது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. இந்தப் பிரிவு நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். அதைவிடப் பெரிய ஓட்டை, அந்தச் சட்டம் கணினியில் ஏறிய விவரங்களுக்கு மட்டுமே பொருந்தும். அலுவலக அலமாரியில் கிடக்கும் பதிவேடும் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் மதிப்பெண் பட்டியலும் அதற்குள் வரா. (பட்டியல் ஒட்டினால் பிள்ளைகளுக்கு ஊக்கம் என்பார்கள். கடைசியில் இருப்பவனைக் கேட்டுப் பார்க்கட்டும்.)

ஆகவே மாநிலச் சட்டம் வேண்டும் என்கிறேன். 1976-இன் 42ஆவது திருத்தத்துக்குப் பின் கல்வி பொதுப்பட்டியலில் இருப்பதால், மாநில அரசுக்கு இதில் அதிகாரம் உண்டு. அமெரிக்காவில் மத்தியச் சட்டம் 1974 முதலே இருந்தும், மாணவர் விவரங்களைக் கல்வி இணையச் சேவை நிறுவனங்கள் விற்கக் கூடாதென்று கலிஃபோர்னியா 2014-இல் தனிச் சட்டம் செய்தது.

பதிவேடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டி.சி. தொலைந்து ஊருக்கும் மும்பைக்குமாக அலைந்த குடும்பங்களை நமக்குத் தெரியும். எதைக் கேட்கலாம், யார் பார்க்கலாம், வெளியே விட்டால் என்ன தண்டனை என்பதைச் சட்டம் சொல்லட்டும். நம் சங்கம் தனியாக மனுக் கொடுத்தால் வெளியூர்க்காரர் குறையாகப் போய்விடும். மராத்திப் பெற்றோர்களையும் சேர்த்துக்கொண்டு போகலாம்.

அதுவரை ஒன்று: 12 இலக்க ‘அபார்’ எண்ணுக்குப் பள்ளி சம்மதப் படிவம் நீட்டினால், படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அது கட்டாயமில்லை; கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழியுண்டு.