வேடத்துக்கு நிறம் உண்டா?

ஆண்டிறுதியில் சன்டெக் மாநாட்டு மையத்தில் நடக்கும் அனிமே விழாவுக்கு என் சித்தி மகளை அழைத்துச் சென்றேன். அவளுக்கு வயது 15. ‘டீமன் ஸ்லேயர்’ தொடரில் வரும் நெசுக்கோவாக வேடமிட்டிருந்தாள். இளஞ்சிவப்புக் கிமோனோவைச் சித்தியின் தையல் இயந்திரத்தில் தானே தைத்தாள். வாயில் கவ்வும் மூங்கில் துண்டுக்கு வண்ணம் தீட்ட மட்டும் இரண்டு வாரம் ஆனது.

மண்டபத்துக்குள் நுழைந்த சிறிது நேரத்திலேயே மூங்கிலைத் தாங்கிய நாடா அறுந்துவிட்டது. அவள் முகம் வாடியது. அப்போது வெள்ளை விக்கும் கவசமும் அணிந்த ஓர் இளையர், யார் எவரென்று கேட்காமல் இடுப்புப் பையிலிருந்து ஊக்கும் நூலும் எடுத்தார். தரையில் மண்டியிட்டு மூன்றே நிமிடத்தில் சரிசெய்தார். “தையல் அருமை, நீங்களே தைத்ததா?” என்று கேட்டுவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

அன்றிரவு அவள் தன் படத்தைச் சமூக ஊடகத்தில் பதிவேற்றினாள். முதலில் பாராட்டுகள் வந்தன. பிறகு ஒருவர், “நெசுக்கோ வெயிலில் எரிந்துவிட்டாளா?” என்று எழுதினார். அதன்கீழே சிரிப்புக் குறிகள் வரிசையாக விழுந்தன. சிரித்தவர்களில் இருவரின் பெயர்கள் தமிழ்ப் பெயர்கள்.

“அக்கா, கறுப்பா இருக்கிற கேரக்டரா பார்த்துப் போட்டிருக்கணுமா?” என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இந்தக் கட்டுரை.

பொழுதுபோக்கா, சமூகமா?

‘காஸ்பிளே’ என்ற சொல்லை 1980களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜப்பானிய எழுத்தாளர் நொபுயுக்கி தக்காஹாஷி. பழக்கம் அதைவிடப் பழையது. 1939ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கே மர்ட்டில் டக்லஸ், ஃபாரஸ்ட் அக்கர்மன் ஆகிய இருவர் எதிர்காலத்து உடையணிந்து சென்றனர். அந்த உடைகளைத் தைத்தவர் டக்லஸ். இன்று ஜப்பானின் நகோயா நகரில் 2003 முதல் உலகக் காஸ்பிளே உச்சநிலைச் சந்திப்பு நடைபெறுகிறது. அதில் சிங்கப்பூர், மலேசிய அணிகளும் பங்கேற்றுள்ளன. நம் வட்டாரத்தில் கோலாலம்பூரின் ‘காமிக் ஃபியெஸ்டா’ 2002லும், சிங்கப்பூரின் ‘அனிமே ஃபெஸ்டிவல் ஏஷியா’ 2008லும் தொடங்கின.

பள்ளியில் அதிகம் பேசாத மாணவர்கள்கூட இந்த விழாக்களில் மனம்விட்டுப் பேசுவதைப் பார்க்கலாம். ஒரே கதையை நேசிப்பவர்கள் என்ற ஒரு தகுதி போதும். முக்காட்டையே பாத்திரத்தின் தலைமுடிபோல மடித்து அணியும் மலாய்ப் பெண்கள் இருக்கிறார்கள். பெண் பாத்திரமாக வரும் ஆண்களும், ஆண் பாத்திரமாக வரும் பெண்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் தொடங்கிய ‘மேஜிக் வீல்சேர்’ என்ற அமைப்பு, சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுவர்களுக்கு அந்த நாற்காலியையே விண்கலமாகவோ டிராகனாகவோ மாற்றி இலவசமாகத் தருகிறது. அங்கே நாற்காலியும் வேடத்தின் ஒரு பகுதி. அதை மறைக்கவேண்டிய தேவை இல்லை.

அன்பும் ஒரு விதிமுறை

இந்தக் கனிவு தானாக வந்துவிடவில்லை. வேடமணிந்த பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பதும், தொடுவதும் ஒரு காலத்தில் பெரும் பிரச்சினையாக இருந்தன. பாதிக்கப்பட்டவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 2014ல் நியூயார்க் காமிக் கான் விழாவில், வேடம் அணிந்திருப்பது சம்மதம் ஆகாது என்ற பொருள்படும் பெரிய அறிவிப்புப் பலகைகள் வைக்கப்பட்டன. படம் எடுக்குமுன் அனுமதி கேட்கவேண்டும் என்பது இன்று பல நாடுகளில் எழுதப்பட்ட விதி. எழுதாத விதிகளும் உண்டு: பிறர் உடையைத் தொடாதே, உடல் பருமனைப் பற்றிப் பேசாதே, கூடுதலாக ஊக்கும் பசையும் வைத்துக்கொள்.

மண்டபத்தில் கிடைக்கும் அன்புக்கு இரண்டு காரணங்கள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, விதிமுறை. மற்றொன்று, எதிரே நிற்பவரின் முகம் நமக்குத் தெரிகிறது. வாடிய முகத்தைப் பார்த்ததால்தான் அந்த வெள்ளை விக் இளையர் மண்டியிட்டார். கைப்பேசியில் இந்த இரண்டும் இல்லை. சித்தி மகளைக் கிண்டல் செய்தவரும் வெளியாள் அல்லர். நெசுக்கோ அரக்கியாக மாறியவள், வெயில் பட்டால் எரிவாள் என்று தெரிந்த ரசிகர்தான். உருமாறிப்போன தங்கையைக் கைவிட மறுக்கும் ஓர் அண்ணனின் கதை அது. அந்தக் கதையை ரசித்தவர்தான் அப்படி எழுதினார்.

சக்கா கம்பர்பேட்ச் என்ற கறுப்பின அமெரிக்கப் பெண்ணுக்கும் இதேதான் நடந்தது. ‘சேலர் மூன்’ தொடரின் சேலர் வீனஸாக அவர் வேடமிட்ட படம் இணையத்தில் பரவியபோது, நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள். அந்த அனுபவத்தை 2013ல் அவர் கட்டுரையாக எழுதினார். 2015 பிப்ரவரியில், கறுப்பினக் காஸ்பிளே கலைஞர்களின் படங்களை 28 நாளும் பகிரும் இயக்கத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் பிப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம். இழிவுக்குப் பதில் இழிவு என்று போகாமல், அந்தத் திரையையே தம்மவர்களின் படங்களால் நிரப்பினார்.

“பாத்திரம்போல இருக்கவேண்டாமா?”

சிலர் நியாயமாகவே கேட்கலாம்: பாத்திரத்தை ஒத்திருப்பதுதானே இந்தக் கலை? உண்மைதான். ஆனால், போட்டிகளில் பெரும்பாலும் தையலுக்கும் கைவேலைக்கும் மேடை நடிப்புக்குமே மதிப்பெண். உழைத்துக் கற்கக்கூடியவை அவை. தோல் அப்படிப்பட்டதன்று. முகத்தில் பாதியைக் கண்களே அடைத்துக்கொள்ளும் அனிமே பாத்திரத்தைப்போல உலகில் எவருமே இல்லை. சிவந்த தோலுள்ளவரின் மூக்கும் உயரமும் பொருந்தாதபோது சலுகை தருகிறோம். நிறம் பொருந்தாதபோது மட்டும் ஏன் அளவுகோலைக் கையில் எடுக்கிறோம்?

கறுப்பான பாத்திரங்களை மட்டும் தேர்ந்தெடுப்பதும் தீர்வாகாது. ‘ப்ளீச்’ தொடரின் யோருஇச்சிபோலச் சிலர் இருக்கிறார்கள், எண்ணிக்கை குறைவு. அந்தச் சிலருக்குள் நம் பிள்ளைகளை அடைப்பது, மேடையின் ஒரு மூலையைக் காட்டி ‘அங்கே மட்டும் நில்’ என்பதற்குச் சமம்.

அப்படியானால் மற்றவர்கள் தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு வேடமிடலாமா என்ற கேள்வியும் எழும். 2019ல் சிங்கப்பூரில் வந்த ஒரு விளம்பரத்தில், சீன நடிகர் ஒருவர் தோலைக் கருமையாக்கி இந்தியராகத் தோன்றினார். எதிர்ப்பு எழுந்தது, விளம்பரம் மீட்கப்பட்டு மன்னிப்பும் கேட்கப்பட்டது. மை பூசியவர் மாலையில் கழுவிவிடலாம். அந்த நிறத்திலேயே பிறந்தவர் அதற்காகக் கேட்ட பேச்சுகளைக் கழுவ முடியாது. அதனால்தான் பாத்திரத்தைக் காட்ட உடையும் விக்கும் போதும், இன்னோர் இனத்தின் தோல் வேண்டாம் என்று பல காஸ்பிளே கலைஞர்கள் வாதிடுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

நமக்கு இது புதிதா?

தெருக்கூத்தில் திரௌபதியாக ஆடுபவர் ஆண். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி, முகத்தில் அரிதாரம் பூசி, திரைக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டதும் ஊரே அவரைத் திரௌபதி என்று ஏற்றுக்கொள்கிறது. பகலில் அவர் வயலில் வேலை செய்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். வேடத்தை மதிக்கத் தெரிந்த மரபு நம்முடையது. அதே வீட்டில்தான், “வெயிலில் போகாதே, கறுத்துவிடுவாய்” என்ற அறிவுரையையும் கேட்டு வளர்கிறோம். அந்த இரு தமிழ்ப் பெயர்கள் எனக்கு வலித்ததற்குக் காரணம் இதுதான். பிறர் நம்மை அளக்கும் கோலை, நாமே பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

சட்டம் ஓரளவு துணைநிற்கும். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் சிங்கப்பூரில் 2014லேயே வந்துவிட்டது. இணையத்தில் பாதிக்கப்படுவோருக்கு விரைவாக உதவ ஓர் ஆணையம் அமைக்கவும் 2025ல் நாடாளுமன்றம் வழிவகுத்தது. ஆனால் ஒற்றை வரிக் கிண்டலும் பத்துச் சிரிப்புக் குறிகளும் பெரும்பாலும் புகார் அளவுக்குப் போவதில்லை. அந்த இடத்தை நிரப்பவேண்டியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாம்தான்.

மண்டபத்தின் விதிகளைக் கைப்பேசிக்கும் கொண்டுவரலாம். அனுமதியின்றிப் பிறர் படத்தைப் பகிராதீர்கள். உடலைப் பற்றி எழுதாதீர்கள்; வேலைப்பாட்டைப் பற்றி எழுதுங்கள். கிண்டலைக் கண்டால் சண்டைக்குப் போகவேண்டியதில்லை. அதன்கீழே, “இந்தக் கையை எப்படித் தைத்தீர்கள்?” என்று ஒரு வரி கேட்டாலே போதும். பார்ப்பவர்களின் கண் தோலிலிருந்து தையலுக்கு நகரும்.

சித்தி மகள் அந்தப் படத்தை நீக்கிவிட்டாள். நான் தடுக்கவில்லை, அது அவள் முடிவு. கேட்ட கேள்விக்கு மட்டும், “உனக்குப் பிடித்த கேரக்டரைப் போடு, நிறத்தைப் பார்க்காதே” என்று தாமதமாகப் பதில் சொன்னேன். சென்ற வாரம் தேக்காவில் துணி எடுக்க என்னைத் துணைக்கு அழைத்தாள். நீலத் துணி நான்கு மீட்டர் வாங்கினாள். ஊக்கு மட்டும் இரண்டு பெட்டி. “எதுக்கு இவ்வளவு?” என்றேன். “யாருக்காவது அறுந்துபோச்சுன்னா?” என்றாள்.