பழமைக்கு இரண்டு பெயர்களா?

செஞ்சிக் கோட்டை 2025-ஆம் வருஷம் ஜூலை மாதம் 11-ந் தேதி யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் ஜாபிதாவில் இடம் பெற்றது. மராட்டியர் கோட்டைகளென்று தெரிந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டில் தமிழ் நாட்டிலுள்ளது இது ஒன்றே. ஏனைய பதினொன்றும் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. 1677-இல் சிவாஜி மகாராஜா கைப்பற்றியதும், அவர் புதல்வர் ராஜாராம் மொகலாயப் படையை வருஷக் கணக்கில் எதிர்த்து நின்றதுமான கோட்டைக்கு இந்தக் கௌரவம் உரியதே. மகிழ்ச்சி அடையாத தமிழர் இரார்.

இத்தருணத்தில் நாம் வேறொரு விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். ராஜகிரியின் கல்லைப் பற்றி இங்கிலீஷில் எழுதுவோர் அதை ‘ஏன்ஷியண்ட்’ என்கிறார்கள். புராதனமானது, போற்றத்தக்கது என்பது அதன் தாத்பரியம். அந்த மலைகளைச் சுற்றியுள்ள கிராமங்களில் இருளர் என்னும் குடியினர் வசிக்கின்றனர். இவர்களும் பழைமையானவர்களே. ஆனால் இவர்களைக் குறிக்க அதே பாஷையில் எடுத்த வார்த்தை ‘பிரிமிட்டிவ்’. கல்லுக்கு வயதானால் மதிப்பு ஏறுகிறது; மனிதனுக்கு வயதானால் மதிப்பு இறங்குகிறது! இது என்ன கணக்கு?

அந்தப் பதத்தின் மூலத்தில் குற்றம் ஒன்றுமில்லை. முதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. ‘ஸாவேஜ்’ என்பதும் அவ்வாறே. காடு என்ற லத்தீன் சொல்தான் அதன் தாய். காட்டில் இருப்பவன் எவனோ அவன் கொடியவன் என்பது ஐரோப்பியர் கண்ட முடிவு. நம் நாட்டில் முதலுக்கும் காட்டுக்கும் இருந்த ஸ்தானம் வேறு. ஆதிமூலம், ஆதிகேசவன் என்று தெய்வத்துக்கே அந்த அடைமொழியைக் கொடுத்திருக்கிறோம். திருவாலங்காடு, திருவேற்காடு என்பவை க்ஷேத்திரங்கள். செஞ்சிக்குக் கிழக்கே இருக்கும் திண்டிவனத்தின் பெயரிலேயே வனம் இருக்கிறது. அவ்வூரார் யாரும் அதற்காக வெட்கப்பட்டதாக நாம் கேள்விப்படவில்லை. பஞ்சமர் என்ற பெயர் வேண்டாம், ஆதி திராவிடர் என்றே எம்மை அழையுங்கள் என்று ஒரு சமூகத்தார் கேட்டு, சென்னை சர்க்காரும் 1922-இல் அதை ஏற்றுக் கொண்டது, ஆதி என்ற சொல்லின் கௌரவத்தை அறிந்தே யன்றோ?

இப்படிச் சொல்வதால் தமிழர் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று ஆகிவிடாது. ‘காட்டுமிராண்டி’ என்ற வசைச் சொல்லை வெள்ளைக்காரன் நமக்குக் கற்பிக்கவில்லை.

வசை வசையோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அது சட்டப் புஸ்தகத்தில் ஏறிவிட்டது. ‘ஆன்ஸெஸ்ட்ரல்’ என்ற சொல்லை நீதி ஸ்தலங்களில் நாம் தினமும் கேட்கிறோம். நிலமுள்ளவன் வழக்கில் அதற்குப் பிதுரார்ஜிதம் என்று அர்த்தம். பாட்டன் வழி வந்தது என்று ருசுப்படுத்தினால் பாத்தியதை உறுதியாகிறது. நிலமற்றவனுக்கோ பாட்டன் வழி வந்தது குற்றம்! 1871-இல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர், பிறமலைக் கள்ளர் முதலிய பல சமூகத்தாரின் கைரேகையைப் பதிவு செய்தது. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் ஜனங்கள் மீது 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீஸார் சுட்டதில் பதினாறு பேர் மாண்டனர். சென்னையில் அச்சட்டம் 1947-இல் ரத்தாயிற்று. அடுத்த வருஷமே வழக்கமாய்க் குற்றம் புரிவோரைக் கட்டுப்படுத்தும் சட்டமென்று ஒன்று வந்து சேர்ந்தது. பரம்பரை போய் வழக்கம் வந்தது!

காட்டின் கதையும் இதுவே. 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் காடுகளை ரிஸர்வ் என்று வேலி கட்டிய பிறகு, கிழங்கு தோண்டியவனும் தேன் எடுத்தவனும் அத்துமீறியவர்களாயினர். பாராளுமன்றம் 2006-இல் வன உரிமைச் சட்டம் இயற்றிச் சரித்திரத்தின் அநீதியைத் துடைக்க முற்பட்டதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அங்கேயும் ‘பிரிமிட்டிவ்’ என்ற பதமே! அதே வருஷத்தில்தான் மத்திய சர்க்கார் தன் ஜாபிதாவில் அப்பதத்தை நீக்கி, மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று பெயர் மாற்றியது. தமிழ் நாட்டில் அந்த ஜாபிதாவிலுள்ள ஆறு குடிகளில் இருளரும் ஒருவர்.

இந்த ‘நாகரிகமற்ற’ மனிதர்களின் ஞானம் எப்படிப்பட்டது? பாம்புத் தோல் ஏற்றுமதி நின்று பிழைப்புப் போனபின், 1978-இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. பாம்பைக் கொல்லாமல் விஷமெடுத்து மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்து தயாராகும் மருந்து தேசமெங்கும் உயிர் காக்கிறது. அமெரிக்காவில் பிளாரிடா மாகாணத்துச் சதுப்பு நிலங்களில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017-இல் யாரை அழைத்தார்கள்? மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவரை. முதல் எட்டு நாளில் பதின்மூன்று பாம்புகள் பிடிபட்டன. 2023-இல் இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

விருது இருவருக்கு. மற்றவர்களில் எத்தனையோ குடும்பங்கள் முன்பணம் வாங்கிய தோஷத்தால் செங்கற் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கட்டுண்டு கிடந்ததை, கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த 1976-க்குப் பிறகும், அதிகாரிகளே சென்று மீட்டிருக்கிறார்கள். இருளர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்து மேல் வகுப்புக்குப் போக ஜாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்காக விசாரணை, மறு விசாரணை என்று தகப்பன் கூலியை விட்டு அலைகிறான். ‘உன்னைப் பார்த்தால் இருளன் மாதிரி இல்லையே’ என்று கேட்கும் உத்தியோகஸ்தர் மனத்தில் இருப்பது என்ன? இலை தழை உடுத்திய ஒரு சித்திரம். இங்கிலீஷ் புஸ்தகத்தில் பார்த்தது!

செஞ்சிக் கோட்டையின் கதையே கர்ண பரம்பரைப்படி ஆனந்தக் கோன் என்ற ஆயரிடம் தொடங்குகிறது. மாடு மேய்த்தவன் கட்டிய கோட்டையை உலகம் பார்க்க வருகிறது. வருகிறவர்களுக்காக இனி எழுதப்போகும் பலகைகளிலும் பிரசுரங்களிலும் சுல்தான்கள், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் பெயர்களோடு, இம்மலைகளின் மூலிகையையும் பாம்பையும் அறிந்த குடியினரின் பெயரும் அவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் விதமாகவே இடம் பெறவேண்டும். வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் அந்த ஒரு பதத்தை மாற்றத் தமிழ் நாட்டுப் பாராளுமன்ற அங்கத்தினர்கள் ஒரு சிறு திருத்த மசோதா கொண்டு வரலாம். அதற்குக் காலணாச் செலவில்லை. சான்றிதழ் விஷயமோ டில்லி வரை போக வேண்டியதில்லை. விழுப்புரம் ஜில்லா அதிகாரிகள் மனுதாரரைத் தாலூகா ஆபீஸுக்கு இழுக்காமல், தாமே அந்தக் குடியிருப்புகளுக்குச் சென்று, பள்ளிக்கூடம் திறக்குமுன் கொடுத்து முடிக்கட்டும்.