கரணைக்குள் ஒளிந்திருக்கும் கள்வன்

பொங்கலுக்குக் கரும்பு வாங்கப் போனால் நாம் எதைப் பார்க்கிறோம்? கணுக்கள் நெருங்கிய கரும்பைத் தள்ளிவிட்டு, கணுவுக்குக் கணு நீண்டு பருத்திருப்பதையே பொறுக்கி எடுக்கிறோம். ஆலைக் கரும்பின் இந்த நீளத்தையும் பருமனையும் ஓசைப்படாமல் களவாடும் வியாதி ஒன்று உலகின் பல தேசங்களில் உண்டு. நம் தேசத்திலும் உண்டு. மறுதாம்புக் குட்டை நோய் என்பது அதன் பெயர். முதற் பயிரை வெட்டிய பின் கட்டையிலிருந்து துளிர்த்து வருவதே மறுதாம்பு. அதில்தான் இந்நோயின் கொடுமை மிகுதி.

மற்ற நோய்கள் இலையில் கோடிட்டோ, குருத்தை உலர்த்தியோ தம் வருகையை அறிவித்துவிடும். இதுவோ வெளியே எந்த அடையாளமும் காட்டுவதில்லை. தோகை பச்சையாகவே இருக்கும். பயிர் மட்டும் குட்டையாகவும் மெலிந்தும் நிற்கும். குடியானவர் மழையை நொந்துகொள்வார், எருவை நொந்துகொள்வார், கடைசியில், “இந்த ரகமே தேய்ந்துவிட்டது” என்று முடிவு கட்டிவிடுவார்.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாகாணத்து மக்கை வட்டாரத்தில், 1944-45ஆம் ஆண்டுகளில், ‘கியூ 28’ என்னும் ரகம் இவ்விதம் குன்றியபோதுதான் இது தனியொரு நோய் என்று தெரிய வந்தது. வெகுகாலம் இதனை வைரஸின் வேலை என்றே எண்ணினர். 1973இல்தான் கரும்பின் சாற்றில் பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. 1980இல் அதனைத் தனியே பிரித்து வளர்த்தனர். 2000ஆம் ஆண்டு முதல் அதற்கு ‘லைப்சோனியா சைலி’ என்று பெயர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால், அதில் ஒன்று முதல் நான்கு கூறுகளே அதன் நீளம்.

இத்தனை சிறிய ஜீவன் அத்தனை பெரிய பயிரைக் குறுக்குவது எப்படி? வேர் உறிஞ்சும் நீர் மெல்லிய குழல்கள் வழியே மேலேறுகிறது. அந்தக் குழல்களுக்குள்ளேதான் இக்கிருமி குடியிருக்கிறது. கணுக்களில் பிசின் போன்ற பொருள் சேர்ந்து நீரோட்டம் தடைப்படுகிறது. ஒவ்வொரு கணுவுக்கும் சற்று மேலேதான் புதுத் திசு உண்டாகும் இடம் இருக்கிறது. அங்கே பிறக்கும் அணுவறைகள் நீரால் நிரம்பி விரிந்தால்தான் கரும்பு நீளும். நீர் குறைந்தால் வளர்ச்சியும் குறையும். ஆகவே மழை பொய்த்த ஆண்டில் நஷ்டம் மிகுதி. எளிதில் நோய்க்கு ஆளாகும் ரகங்களில் விளைச்சல் பாதியளவு கூடக் குறைந்ததுண்டு. முற்றிய கரும்பின் கணுவை நெடுக்காகச் சீவினால் சில சமயம் செம்மஞ்சள் புள்ளிகள் தென்படும். ஆனால் புள்ளி இல்லாததாலேயே நோய் இல்லை என்று சொல்வதற்கில்லை.

வேதனை என்னவென்றால், இக்கள்வனை வயலுக்கு அழைத்து வருவது நம் கையே. நோயுள்ள கரும்பை வெட்டிய அரிவாள் அடுத்த கரும்பில் பட்டால் கிருமி தாவிவிடுகிறது. நோயுள்ள கரணையை நட்டால் வயல் முழுவதும் நோய்தான். எடைக்கு விலை பெறும் குடியானவருக்கு ஒவ்வொரு சாணும் பணம். குறைந்த எடை கடனாய் வந்து நிற்கும்.

பரிகாரம் கடினமன்று. விதைக் கரணையை 50 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் 2 மணி நேரம் ஊற வைத்தால் கிருமி பெரும்பாலும் ஒழியும். சூடு மிஞ்சினால் பரு வெந்துவிடும். குறைந்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும். அளவு தவறக் கூடாதாகையால், இதற்கென அமைந்த தொட்டியில்தான் செய்ய வேண்டும். அப்படித் தேறிய கரணையைத் தனி நாற்றங்காலில் பெருக்கி, அரிவாளையும் அவ்வப்போது கிருமிநாசினியில் தோய்த்தெடுத்தால் மறுதாம்பு தழைக்கும். குருத்தின் நுனித் திசுவிலிருந்து நோயற்ற நாற்று வளர்க்கும் முறையும் இன்று வழக்கில் இருக்கிறது.

நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் நேயர்கள் பலருக்குக் கிராமத்தில் இன்னும் நிலம் இருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகையில், கரும்பு எவ்வளவு விளைந்தது என்பதோடு நில்லாமல், கரணை எங்கிருந்து வந்தது, அது வெந்நீர் கண்டதா என்றும் விசாரித்து வருமாறு வேண்டுகிறோம்.